காற்றுப் படாத விமானம்

“ஏனுங்க்கா, மேல இருந்து பாத்தா நம்மூடு எப்படித் தெரியும்னு சொல்லுங்க பாக்கலாம்.”

“எப்படித் தெரியும்? செவப்பு ஓடு, பக்கத்துல மாட்டுக்கொட்டாய், பின்னால தென்னமரம்.”

“அதுதான் இல்லீங்க. தெரியவே தெரியாது. மேல இருந்து பாத்தா அன்னூர்ல எல்லா ஊடும் ஒண்ணாட்டத்தான் இருக்குது. டேபைப் பாத்துத்தான், ஓ, இதானா நம்மூடுன்னு கண்டுபுடிச்சேன்.”

“அதுக்கு எதுக்கு சாமி அத்தன ஒசரம் போற? டேபைச் சாப்பாட்டு மேசை மேல வெச்சு இங்கிருந்தே பாத்துக்க வேண்டியதுதானே.”

என் தம்பி மனோஜ்குமார் புரையேறும்வரை சிரித்தான். தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். அவன் விமானம் ஓட்ட உரிமம் வாங்கிய புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அரிசி பருப்புச் சாதத்தோடு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தபோது நடந்த பேச்சு இது. ஐயா, நீங்கள் விபத்தைப் பற்றி விசாரிக்க வந்தவர். நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதாக நினைத்துவிட வேண்டாம். அன்று வேடிக்கையாகச் சொன்னதைப் பிறகு நிஜமாகவே செய்ய ஆரம்பித்தேன். அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் கலாமணி. மனோஜ் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். நான் அப்போது பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் இருந்தேன். அவனுக்குப் பால் காய்ச்சியதும், காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டதும், முதல் எழுத்தைக் கைபிடித்து எழுதவைத்ததும் நான்தான். எனக்குக் கல்யாணமானபோது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவனும் காரில் ஏறிவிட்டான். இறக்குவதற்குள் எல்லோரும் ஓய்ந்துபோனார்கள். என் கணவர் தனபால் நல்லவர். சீக்கிரமே மாரடைப்பில் போய்விட்டார். குழந்தை இல்லை, அன்னூருக்கே திரும்பி வந்தேன். வீடு நிறைய அழுகையாக இருந்த அந்த நாளில் மனோஜ் மட்டும், “அக்கா இனிப் போக மாட்டாங்கல்ல?” என்று கேட்டுக்கொண்டே என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்தத் துக்கத்திலும் எனக்கு அது இனிப்பாக இருந்தது. எதையும் மறைப்பதில்லை என்று வந்திருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா காலத்துப் பம்ப்செட் பட்டறை கோயமுத்தூரில் இருக்கிறது. அவர் போனபின் மனோஜ் பார்த்துக்கொள்கிறான். பறப்பது அவனுடைய ஆசை. அன்னூரைத் தாண்டிப் பருத்திக்காடாக இருந்த இடத்தில் சிநேகிதர்கள் சேர்ந்து ஓர் ஓடுதளம் போட்டு, இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அவனோடு கல்லூரியில் படித்த கிஷன்தான் விமானத்தைப் பராமரிக்கிறான். கீழிருந்து ரேடியோவில் பேசுவதும் அவன்தான்.

டேப் என்று அவன் சொல்கிற அந்த டேப்லெட்டை உங்கள் ஆட்கள் எடுத்துப்போய்ப் பார்த்திருப்பார்கள். ஆனால் ஒரு வீட்டுக்காரி அதை எப்படிப் பார்த்தாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அதில் வரைபடத்தின் நடுவே ஒரு குட்டி விமானம் இருக்கும். அது நகருவதில்லை. அதற்கடியில் ஊர்கள்தான் நகர்ந்துபோகும். நான் இருக்கும் இடத்தில் இருக்கிறேன், உலகம்தான் என்னைத் தாண்டிப் போகிறது என்று தோன்றும். எனக்கு அது பிடித்துப்போனது.

மனோஜுக்குப் பட்டறையில் வேலை அதிகம். முதலில் டேப்லெட்டுக்குச் சார்ஜ் போடச் சொன்னான். பிறகு, மேலே போனால் சிக்னல் இருக்காது என்று வரைபடங்களை முன்கூட்டியே இறக்கிவைக்கச் சொன்னான். அதன்பின் போகிற வழிக்குக் கோடு போடுவதும் என் வேலையானது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் பல அந்த வரைபடத்தில் இல்லை. புதிதாக நட்டவற்றைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகச் சிவப்புப் புள்ளி வைத்தேன். தொடையில் கட்டிக்கொள்ள எலாஸ்டிக் வைத்து ஓர் உறையும் தைத்துக் கொடுத்தேன்.

வரைபடம் காட்டும் அந்தச் செயலியில் பயிற்சி முறை என்று ஒன்று உண்டு. டேப்லெட்டுக்குத் தான் இருக்கும் இடம் தானாகத் தெரியாது. விமானத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்கிற, தீப்பெட்டி அளவு கருவி ஒன்றுதான் அதற்குச் சொல்லவேண்டும். பயிற்சி முறையில் அந்தக் கருவி வேண்டாம். கோட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், குட்டி விமானம் கோட்டின் மேல் தன்பாட்டுக்குப் போகும். மனோஜ் பறப்பதற்கு முன்னால் எல்லா வழியையும் நான் சாப்பாட்டு மேசையில் ஒருமுறை பறந்து பார்த்துவிடுவேன். சாம்பார் கொதிப்பதற்குள் பொள்ளாச்சி தாண்டிவிடலாம். மேசை விமானத்துக்குக் காற்று கிடையாது. யாரும் அதைத் தள்ளுவதில்லை. போட்ட கோட்டை விட்டு மயிரிழை விலகாது.

விமானத்தில் திசைகாட்டி இருந்தது. காகித வரைபடமும் இருந்தது, இருக்கைக்குப் பின்னால் மடித்தபடியே. கிஷன் கேலி செய்வான்: “டேய், நீ பறக்கறது ஆகாசத்துலயா, மடியிலயா? ஒருக்கா வெளிய எட்டிப் பாருடா.”

“எங்கக்கா போட்ட கோடு இருக்கறப்ப வெளிய என்னத்தப் பாக்கறது?” என்பான் மனோஜ்.

இந்தப் பதிலை நான் வீட்டுக்கு வந்து பலமுறை நினைத்துக்கொள்வேன்.

ஒருமுறை என்னையும் கூப்பிட்டான். “வாங்க்கா, ஒரு சுத்து சுத்திட்டு வந்தர்லாம்.” எனக்கு ஆசைதான். “எனக்கெதுக்கு சாமி, பயமா இருக்குது” என்றேன். அவன் நம்பிவிட்டான். மறுபடி கூப்பிடவில்லை. ஐயா, நீங்கள் சென்னைக்காரர் என்று கிஷன் சொன்னான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வார். அதைக் கேட்டுவிட்டு யாரும் சும்மா இருப்பதில்லை. மறுபடி கேட்போம், அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே இன்னொருமுறை கேட்போம். என் வாழ்க்கையில் நான் வேண்டாம் என்று சொன்ன பல விஷயங்களில் இன்னொருமுறை கேட்க ஆளில்லாமல் போயிற்று. அவ்வளவுதான்.

மதுக்கரையில் மனோஜுக்குப் பெண் நிச்சயமானது. நந்திதா. தங்கமான பெண்; பொறாமை அவள்மேல் இல்லை, நம்புங்கள். ஆவணியில் கல்யாணம். சீர் முறைகளைப் பேச சித்தப்பா அங்கப்பனும் சித்தியும் அவர்கள் மகள் நித்யஸ்ரீயும் வந்திருந்தார்கள். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் உட்காருவாள். ஒரே சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம் இருக்கும். பெண்டாட்டி வந்தாலும் உடன்பிறந்தவள் விட்டுப்போகவில்லை என்று ஊர் பார்க்கச் சொல்கிற சீர் அது. கூடப்பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண் உட்காரலாம். கணவன் இல்லாதவளை உட்காரவைப்பதில்லை என்பது பழக்கம். இப்போதெல்லாம் சில வீடுகளில் அதைப் பார்ப்பதில்லை. விரும்பினால் செய்யலாம்; யாராவது வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

அவன் என் முந்தானையைப் பிடித்துக் காரில் ஏறிய நாளிலிருந்து நான் அந்தச் சேலை முனைக்காகத்தான் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். வேறெதுவும் நான் அவனிடம் விரும்பியதில்லை.

சித்தி காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்பறம், இணைச்சீருக்கு...” என்று இழுத்தார். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

“நம்ம நித்யா இருக்கறாளே, அவ உக்காரட்டும்” என்றேன்.

அதெப்படி, கூடப்பிறந்தவ நீ இருக்கறப்ப, என்று யாராவது சொல்வார்கள் என்றுதான் சொன்னேன். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கலாமணிக்கு எத்தன பெரிய மனசு பாத்தியா” என்று சித்தியிடம் சொன்னார். மனோஜ் மட்டும் என் முகத்தையே பார்த்தான்.

“அக்கா, உங்களுக்குச் செரிதானுங்களா?”

“எனக்கென்ன சாமி. சின்னப்புள்ள, அழகா இருப்பா.”

“மனசாரத்தான் சொல்றீங்களா?”

“பின்ன?”

அவன் கேட்டான். கேட்கவில்லை என்று நான் சொல்ல முடியாது. இன்னும் ஒருமுறை கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அதற்குள் நித்யஸ்ரீ எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “கலாக்கா, எனக்குச் சேலை கட்டிவிடறது நீங்கதான், இப்பவே சொல்லிப்போட்டேன்” என்றாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவள் மனோஜிடம் அடம்பிடித்தாள். அவர்களுடைய தென்னந்தோப்பு பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம். அதை மேலே இருந்து பார்க்கவேண்டும். “இணைச்சீர்க்காரிக்குச் சேல மட்டும் எடுத்துக் குடுத்துத் தப்பிச்சரலாம்னு பாக்காதண்ணா. ஏரோப்ளேன்ல ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போ.”

“பயமில்லையா உனக்கு?”

“எனக்கென்ன பயம்? நீதான ஓட்டற.”

இப்படி ஒரு பதில் எனக்கு வாய்த்ததில்லை.

வழிக்குக் கோடு போட்டேன். கோயமுத்தூர் விமான நிலையத்தையும் சூலூர் விமானப்படைத் தளத்தையும் ஒதுக்கவேண்டும் என்பதால் கிழக்கே வளைந்து போகவேண்டும். ரொம்பவும் கிழக்கே போனால் காற்றாலைகள். நடுவில் சந்து மாதிரி ஓர் இடம். அதற்குள் என் கோடு போயிற்று.

அன்று காலை நடந்தது உங்களுக்குத் தெரியும். மேகம் தாழ்வாக இருந்தது. கிஷன் இன்னொரு நாள் போகலாமே என்றான். மேகத்துக்குக் கீழேயே போய்வந்துவிடுகிறேன், டேப் இருக்கிறதே என்றான் மனோஜ். போனார்கள். டேப்லெட் பயிற்சி முறையிலேயே இருந்தது. குட்டி விமானம் என் கோட்டின் மேல் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. நிஜ விமானத்தைக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தது. மேகமூட்டத்துக்குள்ளிருந்து முதல் காற்றாலை முன்னால் வந்தபோது மனோஜ் வெட்டித் திருப்பினான். விமானம் நித்யஸ்ரீயின் பக்கமாகச் சாய்ந்து ஒரு மக்காச்சோளக் காட்டில் விழுந்தது. மனோஜுக்குக் கையும் விலா எலும்பும். நித்யஸ்ரீக்கு முதுகுத்தண்டு.

டேப்லெட் எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்காமல் போனது தன் தவறு என்று மனோஜ் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். நீங்கள் முதலில் விசாரித்தபோது, நான் மேசையில் பார்த்துவிட்டு மாற்ற மறந்துவிட்டேன் என்று சொன்னேன். நீங்கள் என்னைத் திட்டவில்லை. “மறதிதானம்மா, யாருக்கும் வரும்” என்றீர்கள். அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் ஒன்றைக் கேட்கவில்லை, ஐயா. பயிற்சி விமானம் தானாகக் கிளம்பாது. யாராவது பொத்தானை அழுத்தவேண்டும். மேசையில் முந்தைய நாள் அழுத்தியிருந்தால் அது அன்றைக்கே பொள்ளாச்சி போய் நின்றிருக்கும். மறதி அதை ஓடுதளத்தில் காத்திருக்கவைக்காது.

மனோஜும் நித்யஸ்ரீயும் ஏறி உட்கார்ந்த பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில், நான் டேப்லெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்போதும் அப்படித்தான் கொடுப்பேன். கொடுக்கும் முன் அழுத்தினேன். பயிற்சி என்று மூலையில் மஞ்சளாக ஒரு சொல் தெரியும். நான் தைத்த உறையின் எலாஸ்டிக் சரியாக அந்த மூலையில் வரும். அதைத் தைத்தபோது எனக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை. அன்று காலை கட்டும்போது இருந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். வழி தவறினால் அவன் ரேடியோவில் என்னைக் கூப்பிடுவான், நான் சொல்லித் திரும்புவான் என்று நினைத்தேன். நித்யஸ்ரீ கொஞ்சம் பயந்துபோவாள். அக்கா இல்லாமல் ஆகாது என்று அவனுக்குத் தெரியும். அவ்வளவுதான் நினைத்தேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே உங்களைப் பார்க்க வரும் வழியில் பஸ்ஸில்கூடச் சொல்லிக்கொண்டேன்.

அது உண்மையில்லை. ஓடுதளத்தில் நின்றால் காற்று அவ்வளவாகத் தெரியாது. தெற்கே பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக வரும்போதுதான் மேற்கிலிருந்து பிடித்துத் தள்ளும். ஆடியில் அது எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். “காத்து எப்படிங்க்கா போட்டிருக்குது?” என்று அன்று காலை கேட்டான். வானிலை பார்த்துச் சொல்வதும் என் வேலைதான். “நேத்தாட்டத்தான் சாமி” என்றேன். முந்தைய நாள் காற்று இல்லை. அவர்கள் பறக்கிற அன்றைக்குப் பலமாக இருக்கும் என்று போட்டிருந்தது.

பறப்பதற்கு முந்தைய நாள் மத்தியானம் நான் மேசையில் இன்னொரு கோடும் போட்டுப் பார்த்தேன். அந்தக் காற்றில், யாரும் திருத்தாமல் விட்டால், அவர்கள் எங்கே போய்ச் சேர்வார்கள் என்று. கோடு நான் வைத்த சிவப்புப் புள்ளிகளுக்குள் போய் நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் அடித்ததும் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். திரும்பிவந்து அந்தக் கோட்டை அழித்தேன். உங்கள் ஆட்கள் அதைப் பார்த்திருக்க முடியாது.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். மனோஜும் அதே விமானத்தில்தான் இருப்பான் என்பது அப்போது என் மனதில் வரவே இல்லை. வரைபடத்தில் குட்டி விமானம் ஒன்றுதான் இருக்கும். உள்ளே யார் யார் என்று காட்டாது.

விமானம் போனபின் கிஷன் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வெளியே போனான். ரேடியோ என் முன்னால் இருந்தது. பேசத் தெரியும், மனோஜ்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

“அக்கா, கோட்டு மேலயே போய்ட்டிருக்கறமுங்க” என்று அவன் குரல் வந்தது.

“செரி சாமி.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. “பல்லடம் ரோட்டைத் தாண்டியாச்சுன்னு டேப் காட்டுது. கீழ ரோட்டையே காணம்னு நித்யா சொல்றா. மூடமா இருக்குது, எனக்கும் ஒண்ணும் தெரியல. செரியாத்தானுங்களே இருக்குது?”

பின்னால் நித்யஸ்ரீ, “அண்ணா, ஒருக்கா வெளிய பாரு, டேபையே பாக்காத” என்று சொல்வதும் கேட்டது. புத்திசாலிப் பெண்.

“கோடு செரியாத்தான் இருக்குது” என்றேன்.

பொய் சொல்லவில்லை என்று அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கோடு சரியாகத்தான் இருந்தது. அதன்பின் குரல் வரவில்லை. கிஷன் டீயோடு திரும்பி வந்தான். ஒரு தம்ளரை என்னிடம் கொடுத்தான். குடித்தேன்.

நித்யஸ்ரீ இப்போது கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவளுக்கு ஊட்டிவிடுவது நான்தான். தலை பின்னி, பூ வைத்து, துணி மாற்றி, முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவதும் நான்தான். பக்கத்துக் கட்டில்காரர்கள் அம்மாவா என்று கேட்கிறார்கள். “ஏக்கா, எனக்கு ஊட்டி ஊட்டி நீங்க எளைச்சுப்போட்டீங்க” என்று அவள் சிரிக்கிறாள். சித்தி ஒருநாள் வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நீ இல்லாட்டி எம்புள்ள கெதி என்னாகும் கலா” என்றார். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை. அந்தக் கையால் அன்று என்னால் எதையும் தொட முடியவில்லை. குழாயடியில் போய்க் கழுவிக் கழுவிப் பார்த்தேன்.

கல்யாணத்தைத் தைக்குத் தள்ளிவைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த நந்திதா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணி, நான் ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? இணைச்சீருக்கு நீங்கதான் உக்காரோணும்னு நான் மொதல்லயே அவர்கிட்டச் சொன்னனுங்க. அவருக்கும் அதான் ஆசை. எங்கக்கா ஒரு வார்த்தை கேட்டாப் போதும்னாரு, ஊரு என்ன சொன்னாலும் உக்கார வெச்சுருவேன், ஆனா அவங்களே வேண்டாம்னாங்க, நானா வற்புறுத்தி அவங்களக் கூட்டத்துல சங்கடப்படுத்தக் கூடாதுன்னாரு. இப்பவாச்சும் சொல்லுங்க அண்ணி. உக்காறீங்களா?”

ஐயா, அந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி என்ன செய்திருப்பாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்ததற்குத்தான் உள்ளே ஒருத்தி அசையாமல் படுத்திருந்தாள். கதவு திறந்திருந்தது, அவளுடைய கட்டில் தெரிந்தது. நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “அதெல்லாம் எனக்கெதுக்கு கண்ணு” என்றேன். நந்திதா தலையாட்டினாள். பெரியவர்களிடம் மறுபடி கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்த பெண்.

ஆகவே திருப்பூரிலிருக்கும் ஒன்றுவிட்ட பெரியப்பா மகள் ஷர்மிளாவை முடிவு செய்தார்கள். அவளும் தங்கை முறைதான் என்று சித்தப்பா சொன்னார்.

போன வாரம் அந்தப் பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். மாடியில் போனில் பேசிக்கொண்டிருந்துவிட்டு இறங்கினாள். நான் அப்போதுதான் படிகளைக் கழுவிவிட்டிருந்தேன். சோப்புத் தண்ணீர் இன்னும் காயவில்லை. அவள் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். பாத்து வா கண்ணு, வழுக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக இறங்கிவந்து, “டீ போடட்டுங்களா பெரியக்கா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அன்றுதான் இங்கே வருவதென்று முடிவு செய்தேன். தம்பி தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிற பழியை இறக்கிவைக்கவேண்டும் என்பது ஒரு காரணம். அவன் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். நித்யஸ்ரீயின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து திரும்பிப்போகிறான். இந்த நிலையில் எனக்கெதற்குக் கல்யாணம் என்று நந்திதா வீட்டில் சொல்லிவிட்டானாம். அவன் செய்யாத குற்றம் அது. அவன்மேல் பழி இல்லையென்று எழுதிவிட்டால் கல்யாணம் நடக்கும். நல்லபடியாக நடக்கவேண்டும்.

இன்னொரு காரணம், என்னை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது என்பது. இதை இதற்குமேல் விளக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செய்தது நான்தான். தெரிந்து செய்தேன். காற்றும் தெரியும், காற்றாலை நிற்கிற இடமும் தெரியும். கடைசியாக ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்லித் திருப்பியிருக்கலாம் என்பதும் தெரியும். என்ன தண்டனையானாலும் மறுக்க மாட்டேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ அங்கே போடுகிறேன்.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள், வேண்டாம் என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா என்றும் கேட்டீர்கள். இல்லை என்றேன். எழுந்துபோய்விடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் போகவில்லை. நான் வாயைத் திறப்பதையே பார்த்துக்கொண்டு, மறுபடி ஒருமுறை, பொறுமையாக, அதையே கேட்டீர்கள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை, ஐயா. அதனால்தான் சொன்னேன்.

“தை மாசம் வரைக்கும் என்னைய உட்டு வைங்க. எந்தம்பிக்கு இணைச்சீருக்கு நான் உக்காரோணும்.”